இருமுறை அடிபட்ட காரின் விலை

அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். மாலையில் டீயை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "சித்தப்பா, மிஸ்டர் பீன் வெச்சிருந்த காராம். ரெண்டு தடவ இடிச்சிருக்கு. அப்புறமும் எண்பது லட்சம் பவுண்டாம். அடிபட்ட வண்டிக்கு யாராவது இவ்வளவு குடுப்பாங்களா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

மிஸ்டர் பீனாக நடித்த ரோவன் அட்கின்சன் அந்த மெக்லாரன் எஃப்1 காரை 1997-இல் வாங்கினார். 1999-இல் ஒரு சின்ன மோதல். 2011-இல் கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் சாலையை விட்டு விலகி, மரத்தில் மோதிப் பெரிதாக நொறுங்கியது. சரிசெய்ய ஓராண்டுக்கு மேல் ஆனது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்த தொகை 9,10,000 பவுண்டு. 2015-இல் அவர் அதை விற்பனைக்கு வைத்தபோது 41,000 மைல், அதாவது ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அப்போது செய்தித்தாள்களில் வந்த விலைதான் அவள் சொன்ன எண்பது லட்சம்.

இந்த விலை ஏன் என்று புரிய, இத்தகைய கார்களை எப்படி வாங்குகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஹைப்பர்கார் என்று இன்று சொல்வது, இத்தனைதான் செய்வோம் என்று எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்து, கையால் கட்டி, வரிசை எண் போட்டுக் கொடுக்கும் வண்டிகளை. பெரும்பாலும் வாங்குகிறவர் காரைப் பார்த்துப் பணம் கட்டுவதில்லை. படத்தையும் ஒப்பந்தத்தையும் பார்த்துக் கட்டுகிறார். நம் ஊரில் வரைபடத்தைக் காட்டி மனைக்கு அட்வான்ஸ் வாங்குவார்கள் அல்லவா, ஏறத்தாழ அப்படித்தான்.

அந்த அட்வான்ஸில் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐ விடத் தெளிவான கதை எனக்குத் தெரியாது. 1988-இல் பர்மிங்காம் மோட்டார் கண்காட்சியில் அதன் மாதிரியை வைத்தார்கள். ஜாகுவார் பொறியாளர்கள் சிலர் சனிக்கிழமைகளில், சொந்த நேரத்தில் கூடிச் செய்த வண்டி. பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின், நான்கு சக்கர இயக்கம். பெயரில் உள்ள 220, மணிக்கு எத்தனை மைல் என்ற இலக்கு. பார்த்தவர்கள் மயங்கிப் போனார்கள். அடுத்த ஆண்டு, அதிகபட்சம் 350 கார் செய்வோம் என்று நிறுவனம் அறிவித்தது. விலை 2,90,000 பவுண்டு, வரி தனி. முன்பணம் மட்டும் 50,000 பவுண்டு. இடம் கேட்டு வந்தவர்கள் 350-ஐப் போலப் பல மடங்கு.

அது பழைய கார்களின் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த காலம். முன்பணம் கட்டியவர்களில் நிறையப் பேருக்கு ஸ்டீயரிங்கைத் தொடும் எண்ணமே இல்லை. வண்டி வருவதற்கு முன்பே அந்த இடத்தை இன்னொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்க்க வந்தவர்கள் அவர்கள்.

வண்டி வந்தபோது இரண்டு மாற்றங்கள் நடந்திருந்தன. முதலாவது வண்டியில். பெரிய என்ஜினும் நான்கு சக்கர இயக்கமும் போய், ராலிப் பந்தய என்ஜினிலிருந்து பிறந்த ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, பின்சக்கர இயக்கம் வந்துவிட்டது. எடையும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் அதற்குக் காரணம். வேகத்தில் அது குறைந்துவிடவில்லை. 1992-இல் இத்தாலியின் நார்டோ வட்டப்பாதையில் மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆனாலும் வாங்கியவர்கள் மனத்தில் வாங்கி வைத்திருந்தது பன்னிரண்டு சிலிண்டரை. இரண்டாவது மாற்றம் சந்தையில். பொருளாதாரம் சரிந்து, கார் விலைகளும் சரிந்தன. ஒப்பந்த விலையோ விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி எழுதப்பட்டிருந்தது. 1992-இல் வரியோடு நான்கு லட்சம் பவுண்டைத் தாண்டிவிட்டது. பலர் பின்வாங்கினார்கள், சிலர் நீதிமன்றத்துக்கே போனார்கள். அங்கே ஒப்பந்தம் ஜாகுவாரின் பக்கம்தான் நின்றது. கடைசியில் கட்டிய கார்கள் 300-ஐக்கூட எட்டவில்லை. விற்காமல் நின்ற சில, 1997-இல் பழைய அறிவிப்பு விலையில் பாதிக்கும் குறைவாகப் போயின.

"அப்ப லிமிடெட்னு சொல்றதெல்லாம் பொய்யா சித்தப்பா?"

பொய் இல்லை. ஆனால் அது ஒரு வாக்குறுதி மட்டும்தான். ஃபெராரி எஃப்40 முதலில் 400 என்று பேசப்பட்டது, 1,300-க்கு மேல் செய்தார்கள். அடுத்து வந்த எஃப்50-க்கு அதே நிறுவனம் 349-ஓடு நிறுத்திக்கொண்டது. 350 பேர் வாங்குவார்கள் என்று கணக்கிட்டு, ஒன்றைக் குறைத்தது. அமெரிக்காவில் அதை முதலில் குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள், வாங்கிய கையோடு விற்றுவிடக் கூடாது என்று. இப்போதெல்லாம் இத்தகைய ஃபெராரி வேண்டும் என்று நீங்கள் போய்க் கேட்க முடியாது. முன்பே அவர்களிடம் பல கார் வாங்கி, உங்கள் பெயர் அவர்கள் பதிவில் இருந்து, அழைப்பு வந்தால்தான் உண்டு. ஃபோர்டு ஜிடி காரை இரண்டு ஆண்டுக்குள் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வாங்கிய மல்யுத்த வீரர் ஜான் சீனா அதைச் சீக்கிரமே விற்றதால், 2017-இல் நிறுவனம் அவர்மேல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு சமரசம் ஆனது. இந்த நிபந்தனைகளை நான் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ஜே220-இன் கதையைத் தெரிந்தவர்கள் வேறு எப்படி எழுதுவார்கள்?

இனி மெக்லாரனுக்கு வருவோம். அதுவும் 1992-இல்தான் வெளியே வந்தது, அதே மந்தத்தில். விலை ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல். முந்நூறு விற்கலாம் என்று எண்ணியிருந்தார்கள். பந்தய வண்டிகள், முன்மாதிரிகள் எல்லாம் சேர்த்து 106-தான் செய்தார்கள். அதில் சாதாரணச் சாலைக் கார் 64. ஆக, இரண்டுமே ஆங்கிலேய வண்டிகள், இரண்டுமே குறித்த எண்ணிக்கையை எட்டாதவை. இன்று எக்ஸ்ஜே220 ஐந்தாறு லட்சம் டாலர் அளவில் கைமாறுகிறது. 1995-இல் கட்டிய ஒரு மெக்லாரன் எஃப்1, 2021-இல் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் ஏலத்தில் இரண்டு கோடி டாலரைத் தாண்டியது.

எண்ணிக்கை மட்டுமே விலையைத் தீர்மானித்திருந்தால் இத்தனை பெரிய இடைவெளி வந்திருக்காது. எஃப்1-ஐத் தலை முதல் கால் வரை கார்டன் மரே என்ற ஒருவரின் மனம் நடத்தியது. ஓட்டுநர் நடுவில், சற்றுப் பின்னால் இரு பக்கமும் இரண்டு பேர். 1,138 கிலோ எடை. பிஎம்டபிள்யூ செய்து கொடுத்த பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின், டர்போ இல்லை. என்ஜின் அறையின் வெப்பத்தைத் திருப்ப, உள்ளே தங்கத் தகடு. அலங்காரத்துக்காக இல்லை, வெப்பத்தைப் பிரதிபலிக்கத் தங்கமே சிறந்தது என்பதற்காக. சாலைக்கென்று வரைந்த அந்த வண்டியின் பந்தய வடிவம் 1995-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. படம் காட்டிச் சொன்னதற்கும் கைக்கு வந்ததற்கும் அங்கே வேறுபாடு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. வண்டியை உயிரோடு வைத்திருக்கும் வேலையை மெக்லாரன் விட்டுவிடவில்லை.

இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். கொட்டகையில் பூட்டி வைத்தால் கார் அப்படியே இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்காது. டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வயதாகி இறுகிவிடும். எண்ணெய் படாத சீல்கள் காய்ந்துவிடும். பெட்ரோல் கெட்டுப்போகும். இந்த இரண்டு வண்டிகளிலும் எரிபொருள் தொட்டி, பந்தயக் காரில் இருப்பதுபோல ஒரு ரப்பர் பை. எஃப்1-இல் அதை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்ற என்ஜினை இறக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் ஓடாத வண்டிக்கும் இது உண்டு.

எக்ஸ்ஜே220-க்கு வந்த தொல்லை டயர். அதற்கென்றே செய்த பிரிட்ஜ்ஸ்டோன் டயரின் உற்பத்தி நின்றுபோனது. மில்லியன் கணக்கில் விற்கும் வண்டி என்றால் வேறு கடையில் கிடைக்கும். முந்நூறுக்கும் குறைவான வண்டிக்கு அந்த அளவில், அந்த வேகத்துக்குத் தாங்கும் டயரை யார் செய்வார்கள்? கார் முழுசாக நிற்கும், ஓட்டத்தான் வழியில்லை. பல ஆண்டுகள் கழித்து அதே நிறுவனம் அந்தக் காருக்கென்று மீண்டும் ஒன்றை உருவாக்க முன்வந்தது.

எஃப்1-க்கு வந்த தொல்லை கணினி. அதைப் பரிசோதிக்கும் மென்பொருள், 1990-களின் காம்பாக் மடிக்கணினி ஒன்றில், அதற்கான தனி அட்டையோடுதான் ஓடியது. கோடிக்கணக்கில் விலை போகும் வண்டியின் உடல்நிலையைச் சொல்ல, பழைய பொருள் கடையில் கிடைக்கும் ஒரு கணினியைத் தேடிப்பிடித்துப் பத்திரப்படுத்த வேண்டியிருந்தது. மெக்லாரன் அதைச் செய்தது. அட்கின்சனின் நொறுங்கிய காரைத் திரும்ப எழுப்பியதும் அதே நிறுவனம்தான். ஒவ்வொரு வண்டியின் அடிச்சட்ட எண்ணுக்கும் என்ன நடந்தது, எந்தப் பாகம் எப்போது மாறியது என்ற பதிவு இருக்கிறது. அடிபட்டதை மறைத்த கார் என்றால் விலை விழும். அடிபட்டதையும், யார் எப்படிச் சரிசெய்தார்கள் என்பதையும் காகிதத்தில் காட்டக்கூடிய கார் வேறு. வாங்குகிறவர் கார்களைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வியே "ஹிஸ்டரி இருக்கா?" என்பதுதான்.

"ஏலத்துல போன அந்த ரெண்டு கோடி டாலர் கார் எவ்வளவு ஓடியிருந்தது?" என்று கேட்டாள்.

இருபத்தாறு ஆண்டுகளில் 400 கிலோமீட்டருக்கும் குறைவு. அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். மாதத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டர்.

அட்கின்சன் விற்பனைக்கு வைத்ததற்கும் இந்த ஏலத்துக்கும் நடுவில் ஆறு ஆண்டுகள். அதற்குள் எல்லா எஃப்1-களும் விலை ஏறிவிட்டன, அதனால் நேரடியாக ஒப்பிடுவது நியாயமில்லை. ஓடாத வண்டிக்குக் கூடுதல் விலை உண்டு என்பதும் உண்மை. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் அது எப்படி இருந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி, அதைக் காப்பதும் ஒரு வேலை. ஆனால் எனக்கு அதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. ஓட்டுவதற்காகவே ஒவ்வொரு கிராமையும் எண்ணிக் குறைத்த வண்டி அது.

"உங்களுக்கு ரெண்டுல ஒண்ணு குடுத்தா?"

மரத்தில் மோதியதை, என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. அவள் கைப்பேசியில் அந்த மூன்று இருக்கைகளின் படத்தைப் பெரிதாக்கி, நடுவில் ஒரு விரலை வைத்து, "நீங்க இங்க. நானும் அப்பாவும் ரெண்டு பக்கம்" என்றாள்.