அம்மா வேண்டாமென்ற தகர ஷெட்

நம்மில் பலர் பிழைப்பைத் தேடி பெங்களூருக்கும் அதற்கப்பாலும் வந்துவிட்டோம். ஆனாலும் தங்கவயலில் பெற்றோர் வாழும் வீட்டை விட்டுவிடவில்லை. அந்த வீடுகளுக்கெல்லாம் ஒரே குறை, இடமில்லை என்பதுதான். பத்துக்குப் பத்து அறையில் கட்டிலும் பீரோவும் போக ஏணி, மண்வெட்டி, தண்ணீர் டிரம், பழைய சைக்கிள் ஆகியவற்றை எங்கே வைப்பது? சென்ற ஆண்டு எங்கள் சாம்பியன் ரீஃப் வீட்டின் பின்புறம் எட்டடிக்கு ஆறடியில் ஒரு ஷெட் போட்டேன். அதில் கற்றதை உங்களுக்கும் சொல்லலாமே என்று எழுதுகிறேன்.

பேச்சை எடுத்ததுமே அம்மா, "தகரம் மட்டும் வேணாம்டா" என்று சொல்லிவிட்டார். செலவுக்கு யோசிக்கிறார் என்று நினைத்தேன். காரணம் வேறு.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய நம் சுரங்கம், சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அவ்வளவு ஆழத்தில் மேலுள்ள பாரம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். அதைத்தான் நாம் 'ஏர் பிளாஸ்ட்' என்போம். பூமி குலுங்கினால் லைன் வீட்டுத் தகரக் கூரைகள் வரிசையாகக் கடகடக்கும். "மொதல்ல தகரந்தான் சொல்லும். உங்கப்பா ஷிஃப்டு முடிஞ்சு மேல வர்ற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டேன்" என்றார் அம்மா. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அப்பாவும் இப்போது இல்லை. அந்தச் சத்தம் மட்டும் அம்மாவின் காதை விட்டுப் போகவில்லை.

வேறு வழி பார்த்தேன். ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம். அது உடைந்தாலும் அறுத்தாலும் வரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. பாறைத் தூசியால் மூச்சு வாங்கியவர்களை நம் லைன்களில் நாம் பார்க்காததா? செங்கல் அறைக்குக் கையில் பணமில்லை. மீண்டும் தகரத்துக்கே வந்தேன். ஆனால் இந்த முறை 'சத்தம் போடாத தகரம்' எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு வயதான வெல்டர் சொல்லிக் கொடுத்தார். "தகரம் கத்தாது தம்பி. தளர்ந்த போல்ட்டுதான் கத்தும்."

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். நாம் தகரம் என்பது உண்மையில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. 1829-ல் லண்டனில் ஹென்றி பாமர் என்ற பொறியாளர் நெளி தகட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நெளிவு இருப்பதால்தான் மெல்லிய தகடும் வளையாமல் நிற்கிறது. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். 28 கேஜ் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, காற்றில் அதிரும். 24 கேஜ் கேளுங்கள். விலை கூடினாலும் உழைக்கும்.

கூரைக்குத் துளையை நெளிவின் மேட்டில் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் மழைநீர் உள்ளே இறங்கும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தார் அல்லது ரப்பர் வாஷர் உண்டா என்று பாருங்கள். ஒழுகாமல் இருக்கவும், இரும்போடு இரும்பு உரசிச் சத்தம் போடாமல் இருக்கவும் அதுதான் காரணம். கூரையைத் தாங்கும் ஆங்கிள்களை நெருக்கமாக வையுங்கள். கால்களைக் கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லையேல் ஆடிக்காற்று தூக்கிவிடும். அறுத்த ஓரங்களில் துத்தநாகம் இருக்காது. அங்கே பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். சயனைடு மண்மேட்டுப் பக்கம் வீடிருந்தால் கூரையில் தூசு படியும். ஈரத்தோடு அது தங்கினால் தகடு சீக்கிரம் கெடும், ஆகவே அவ்வப்போது கழுவிவிடுங்கள்.

காற்றுப் போக மேலே இரண்டு பக்கமும் வலையடித்த திறப்பு வைத்தேன். இல்லாவிட்டால் இரவில் தகட்டின் உட்புறம் வியர்த்துப் பொருளெல்லாம் நனையும். கேஸ் சிலிண்டர், பெட்ரோல் ஆகியவற்றை உள்ளே வைக்காதீர்கள். சர்வீஸ் சான்றிதழ், செட்டில்மெண்ட் காகிதம், வீட்டுப் பத்திரம் ஆகியவை வீட்டுக்குள் பீரோவிலேயே இருக்கட்டும்.

ஷெட் முடிந்ததும் அப்பாவின் டிரங்குப் பெட்டியை உள்ளே கொண்டுபோக எடுத்தேன். அதில் அவர் ஹெல்மெட்டும் பூட்சும் இருக்கின்றன. "அது கட்டிலடியிலேயே இருக்கட்டும்" என்றார் அம்மா. நானும் வற்புறுத்தவில்லை.

ஆடி வந்தது. ஓரிரவு காற்று பலமாக அடித்தது. மறுநாள் காலை போன் செய்து, தூங்கினீர்களா என்று கேட்டேன்.

"தூங்கினேன். பின்பக்கம் மூலையில ஒண்ணு மட்டும் லேசா ஆடுது. வரும்போது ஒரு வாஷர் வாங்கிட்டு வா" என்றார்.

அந்த வாரக் கடைசியிலேயே மாரிக்குப்பம் ரயில் ஏறினேன், பையில் அரை டஜன் வாஷரோடு.