மில்லுல ஒண்ணு சொல்றாங்க, வீட்ல ஒண்ணு சொல்றாங்க



போன மாதக் கூட்டத்தில் ஒரு அக்கா தன் மகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். "எட்டு மாசம்தான் மில்லுல இருந்தா. உடம்புக்கு ஒத்துக்கலையாம், வந்துட்டா." அந்தப் பெண் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள், வாயே திறக்கவில்லை.

மில்லில் அவள் எழுதிக் கொடுத்தது என்ன தெரியுமா? "வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்." கல்யாணமும் இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. பாத்ரூம் போனால் மணி பார்க்கிற சூப்பர்வைசர், எல்லார் முன்னாலும் கெட்ட வார்த்தை, ராத்திரி ஷிப்டில் மேலே படுகிற கை. இதுதான் நிஜம். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் நூல் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்த் திரும்பிய பிள்ளைகளிடம் தனியாக உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. சம்பளம் குறைவு என்று நின்றவர்கள் கொஞ்சம்தான். அது தெரிந்துதானே போனார்கள்!

ஏன் மறைக்கிறார்கள்? மில்லில் சொன்னால் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயம். 2000-களில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஆள் எடுத்தார்கள். மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகப் பணம். நடுவில் நின்ற எத்தனையோ பிள்ளைகள் அது கிடைக்காமல் வந்ததை நம் ஊர்கள் மறக்கவில்லை. ஆள் பிடித்துவிட்ட ஏஜென்ட்டும் நம் தெருக்காரர்தான். வீட்டில் சொன்னாலோ, "இனி எங்கயும் போக வேணாம்" என்று மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிடுவோம். மில்லில் சொன்ன பொய்யை நாமே நிஜமாக்கிவிடுகிறோம்.

"சொந்தக் காரணம்" என்று காகிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மில்லுக்கு வேலை முடிந்தது. சூப்பர்வைசர் அங்கேயேதான் இருப்பார். அடுத்து நம் ஊரிலிருந்து போகிற பிள்ளையும் அவரிடம்தான் நிற்கும்.

நிஜத்தை எழுதப் பயமாக இருந்தால், "வேலையை விட்டு விலகுகிறேன்" என்று மட்டும் எழுதினால் போதும். பொய்க் காரணம் வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பி.எஃப். கணக்கில் வேலை விட்ட தேதியை மில் போடாமல் இழுத்தால், கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாதம் கழித்து நாமே கம்ப்யூட்டரில் போடலாம். யு.ஏ.என். நம்பரும் ஆதாரோடு சேர்ந்த போன் நம்பரும் வேண்டும்.

பாலியல் தொல்லை என்றால், 2013 சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார் குழு இருக்க வேண்டும். தலைவி பெண்ணாக இருக்க வேண்டும். முதலாளி மேலேயே புகார் என்றால் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் போகலாம். வேலையை விட்டு வந்த பிறகும் புகார் கொடுக்கலாம். யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 181-க்கு போன் போடுங்கள்.

பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கிய அன்றே கேள்வி கேட்காதீர்கள், நாலு நாள் தூங்கட்டும். ஆனால் புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும், தகுந்த காரணம் இருந்தால்தான் இன்னும் மூன்று மாதம் தருவார்கள். அந்தக் கணக்கு அவள் ஊருக்கு வந்த நாளிலிருந்து இல்லை, கடைசியாகத் தொல்லை நடந்த நாளிலிருந்து.