புதுத் துப்பாக்கி, பழைய தோட்டா

கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம். அதைக் கீழே தள்ளினால் காலித் தோட்டா வெளியே பறக்கும், மேலே இழுத்தால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். அதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள். அமெரிக்காவில் இதற்கு இப்போது மறுபடி மவுசு.

காரணங்களில் ஒன்று மார்லின். 1870ல் தொடங்கிய இந்தக் கம்பெனி 2007ல் ரெமிங்டன் கைக்குப் போனது. அதன்பிறகு வந்த துப்பாக்கிகளின் தரம் சரியில்லை என்று புலம்பியவர்கள் 'ரெம்லின்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். 2020ல் ரெமிங்டன் திவாலானபோது, ரூகர் சுமார் 2.8 கோடி டாலருக்கு மார்லினை வாங்கி, வட கரோலினாவில் மேயோடன் என்ற ஊரில் தயாரிப்பை ஆரம்பித்தது. முதல் துப்பாக்கி 2021 டிசம்பரில் வந்தது. அதன் கேலிபர் .45-70.

எனக்கு ஆச்சரியம் அங்கேதான். கணினி எந்திரத்தில் கடைந்த புத்தம்புதுத் துப்பாக்கி; அதற்குள் போவது 1873ல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த தோட்டா! அடுத்து 2023ல் வந்த 336 மாடலுக்கு .30-30. அது 1895ஆம் வருஷத்துச் சரக்கு. பழமை மேல் பாசம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் விஷயம் அது மட்டும் இல்லை.

இந்த ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இன்னொரு குழாயில் வரிசையாகப் படுத்திருக்கும். ஒன்றின் மூக்கு, முன்னால் இருப்பதன் முதுகைத் தொடும். அந்த முதுகின் நடுவில்தான் ப்ரைமர், அதாவது தட்டினால் தீப்பிடிக்கும் பொட்டு. கூர்மூக்குத் தோட்டாவை அப்படி அடுக்கினால், சுடும்போது வரும் உதையில் மூக்கே ஊசியாகி முன்னால் இருப்பதை வெடிக்க வைக்கலாம். அதுவும் நம் இடது கைக்கு மிக அருகில்! அதனால்தான் தட்டை மூக்கு. தட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். நெடுந்தூரக் குறிக்கு ஆகாது. ஹார்னடி கம்பெனி மிருதுவான பாலிமர் முனை வைத்து இந்தச் சிக்கலை ஓரளவு தீர்த்தது. சாவேஜ் 1899 சுழல் மேகசின் வைத்துக் குழாயையே தவிர்த்தது. மற்றபடி குழாய் எதை அனுமதிக்கிறதோ அதுதான் கேலிபர்.

சட்டமும் ஒரு கை பார்க்கிறது. ஒஹையோவில் மான் வேட்டைக்கு ரைஃபிள் என்றால், உறை நேராக இருக்கும் தோட்டாதான் அனுமதி. .45-70, .44 மேக்னம், .357 மேக்னம் எல்லாம் பாஸ். கழுத்து ஒடுங்கிய .30-30 ஃபெயில். தலைமுறை தலைமுறையாக மான் வேட்டைக்கென்றே பேர் வாங்கிய தோட்டாவுக்கு இந்த நிலைமை, பாவம்.

எனக்குச் சுவாரஸ்யமானது .357 தான். 1935ல் ரிவால்வருக்காகச் செய்தது. நாலங்குலக் குழலில் வினாடிக்கு ஏறக்குறைய 1,250 அடி வேகம். ரைஃபிளின் நீளக் குழலில் மருந்து முழுசாக எரிந்து தள்ள நேரம் கிடைப்பதால் அதுவே 1,800 வரை போகும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கணக்குப் போட்டால் இரண்டு மடங்கு. அதே துப்பாக்கியில் உதை குறைந்த .38 ஸ்பெஷலும் போடலாம். ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா என்பது 1870களிலேயே .44-40 வைத்து செய்து பார்த்த யோசனைதான்.

அதற்காக .357ஐ எடுத்துக்கொண்டு 200 கெஜத்தில் நிற்கும் மானைச் சுடக் கூடாது. அந்தத் தூரத்தில் தோட்டா சோர்ந்துவிடும். காயத்தோடு காட்டுக்குள் ஓடுவது மான். .45-70க்கு வலு இருக்கிறது, ஆனால் அந்த உதை தோளைப் பதம் பார்க்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் காயம் படுவது அதே மான்தான். அடர்ந்த காடு, 150 கெஜத்துக்குள் மான் என்றால் என் ஓட்டு .30-30க்கு. ஒஹையோவாக இருந்தால் .44 மேக்னம்.