புது மிட்டாய் யோசிக்கிறீர்களா? தண்ணீரிலிருந்து தொடங்குவோம்

வீட்டிலோ சின்னக் கடையிலோ சாக்லேட், மிட்டாய் செய்து விற்பவர்களோடு பேசிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வந்துவிடும்: "புதுசா என்ன போடலாம்?" பாதாம், முந்திரி, உலர்திராட்சை எல்லாரிடமும் இருக்கிறது. ஊட்டிக் கடைத்தெருவில் அடுக்கி வைத்திருக்கும் ஹோம்மேட் சாக்லேட் தட்டுகளைப் பார்த்தால், ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் வித்தியாசம் சொல்வதே கஷ்டம். அதனால் மனம் தானாக நம் ஊர்ச் சுவைகள் பக்கம் போகிறது: ஃபில்டர் காபி, கருப்பட்டி, இளநீர், பால்கோவா, குல்கந்து, சுக்கு. யோசனைக்குப் பஞ்சமே இல்லை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். இவற்றில் எது சாக்லேட்டுக்குள் போகும், எது போகாது, போகாததை எப்படிப் போகவைப்பது என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், ஏறக்குறைய எல்லாருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணத்தைச் சரிசெய்துகொள்வோம். உருகிய சாக்லேட் ஊற்றுகிற பதத்தில் இருக்கிறது. ஆகவே அதில் இன்னொரு திரவத்தைக் கலக்கலாம் என்று நினைக்கிறோம். டிகாக்‌ஷன் ஊற்றினால் காபி சாக்லேட், இளநீர் ஊற்றினால் இளநீர் சாக்லேட். ஊற்றிப் பார்த்தவர்களுக்கு நடந்தது தெரியும். அரை ஸ்பூன் போதும். பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் சட்டென்று திரண்டு, சொரசொரப்பான கட்டியாகிவிடும். பலர் அடுப்பைக் குறை சொல்வார்கள், சாக்லேட் ஸ்லாபைக் குறை சொல்வார்கள். இரண்டின் மேலும் தப்பில்லை.

உருகிய சாக்லேட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. அதில் திரவமாக ஓடுவது முழுக்கக் கொழுப்பு. கோகோ விதையில் இயல்பாக உள்ள கோகோ வெண்ணெய்தான் அந்தத் திரவம். அதற்குள் சர்க்கரை, கோகோ, பால்பவுடர் ஆகியவை நாக்குக்குத் தட்டுப்படாத அளவுக்கு நைசாக அரைபட்டு மிதக்கின்றன. சர்க்கரை தண்ணீரைக் கண்டால் விடாது. ஒரு சொட்டு விழுந்ததும் அருகிலிருக்கும் சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு ஈரமாகிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. அதுதான் அந்தக் கட்டி. கொதிக்கும் தண்ணீர் மேல் பாத்திரம் வைத்து உருக்கும்போது, பக்கவாட்டில் ஏறும் ஆவி உள்ளே வடிந்தால்கூட இதே கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொஞ்சம் தண்ணீர் சாக்லேட்டைக் கெடுக்கும். நிறையத் தண்ணீர் அதை வேறு பொருளாக மாற்றிவிடும். திரண்ட சாக்லேட்டில் பயந்து நிறுத்தாமல் சூடான கிரீமைத் தாராளமாகச் சேர்த்துக் கலக்கினால், ஒட்டியிருந்த சர்க்கரை முழுக்கக் கரைந்து மறுபடி வழுவழுப்பாகும். இதற்குப் பெயர் கனாஷ். கேக் மேல் ஊற்றுவதும், டிரஃபிள் உருண்டைக்குள் இருப்பதும் இதுதான். ஆனால் அது இனிமேல் மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கும் சாக்லேட் அல்ல. சில நாட்களில் கெடக்கூடிய பண்டம். ஆக, சுவையைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நாம் கேட்க வேண்டிய கேள்வி: இந்தச் சுவையோடு எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது?

சாக்லேட் உலகத்தில் மிக அதிகமாக விற்ற புது யோசனையும் இந்தக் கேள்வியில்தான் சிக்கிக் கிடந்தது. சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் டேனியல் பீட்டர் என்பவர் சாக்லேட்டில் பால் சேர்க்க ஆசைப்பட்டார். ஆசைப்படுவது சுலபம், ஆனால் பாலில் பெரும்பங்கு தண்ணீர். சேர்த்த சாக்லேட் கெட்டுப்போனது. பல வருடம் போராடி, பாலின் நீரை நீக்கிச் சேர்க்கும் வழி பிடிபட்ட பிறகுதான், 1875-இல் மில்க் சாக்லேட் கைகூடியது. பால் சாக்லேட் வேண்டும் என்ற யோசனை பலருக்கு வந்திருக்கலாம். தண்ணீரை வெளியேற்றியவருடைய பெயர்தான் நின்றது.

இப்போது நம் பட்டியலுக்கு வருவோம். முதல் வழி, சுவையைத் தண்ணீர் இல்லாமல் பொடியாகக் கொண்டுவருவது. ஃபில்டர் காபி வேண்டுமா? டிகாக்‌ஷனை மறந்துவிட்டு, வறுத்த காபிக் கொட்டையையே சர்க்கரையோடு சேர்த்து நைசாக அரைத்துக் கலக்க வேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலக்காய் எல்லாம் நம் கைக்கு வரும்போதே உலர்ந்தவை. டார்க் சாக்லேட்டோடு நன்றாகப் போகும். தேங்காய் வேண்டுமென்றால் புதிதாகத் துருவியது ஆகாது, உலர்ந்த துருவல் ஆகும். கருப்பட்டி கொஞ்சம் தந்திரக்காரன். பார்க்கக் கல்லாக இருந்தாலும் உள்ளே ஈரம் வைத்திருக்கும், காற்றிலிருந்தும் இழுக்கும். தட்டிப் பொடித்து, மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி, ஆறியதும் தாமதிக்காமல் அரைத்தால் வழிக்கு வரும். இளநீருக்கு இந்த வழியில் இடமில்லை. அதைச் சர்பத்துக்கே விட்டுவிடலாம்.

அரைப்பது என்றதும் ஒரு நல்ல செய்தி. கோகோ விதையிலிருந்தே சாக்லேட் செய்யும் சின்னத் தயாரிப்பாளர்கள் அமெரிக்காவில் முளைத்த காலத்தில், அவர்கள் கையில் கிடைத்த மலிவான எந்திரம் நம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். பெரிய ஆலை எந்திரம் வாங்க வசதியில்லாதவர்கள், இட்லி மாவு ஆட்டும் கல்லில் கோகோவை ஆட்டினார்கள். அதைக் கொஞ்சம் மாற்றிச் சாக்லேட்டுக்கென்றே செய்த மெலாஞ்சர் எந்திரங்கள் இன்று பல நாடுகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகின்றன. வீட்டு கிரைண்டரை அப்படியே பயன்படுத்திவிடாதீர்கள். சாக்லேட்டுக்கு நாள்கணக்கில் விடாமல் ஓட வேண்டும். சாதாரண மோட்டார் அதற்குத் தாங்காது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, கோவையில் எந்திரம் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சிறிய பேருந்துப் பயணம்தான்.

இரண்டாவது வழி, சுவையைக் கொழுப்போடு கொண்டுவருவது. கொழுப்பும் கொழுப்பும் சண்டை போடாது. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஹேசல்நட்டை விழுதாக அரைத்துச் சாக்லேட்டில் கலந்தார்கள். ஜாண்டூயா என்று அது இன்றும் பிரபலம். கோகோ தட்டுப்பாடான காலத்தில் கோகோவைக் குறைத்துக்கொள்ளக் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். நமக்கும் அந்தக் காரணம் பொருந்தும். 2024-இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டிப் போனது. வறுத்த வேர்க்கடலை விழுது, வறுத்த எள் விழுது இரண்டும் நம் கையருகே இருக்கின்றன. தண்ணீர் சேர்க்காமல் அரைக்க வேண்டும், அவ்வளவே. கடலையும் எள்ளும் சிலருக்கு ஒவ்வாமை தரும். பொட்டலத்தின் மேல் தெளிவாக எழுதிவிடுங்கள்.

கொழுப்பு வழியிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிக அமைப்புகளில் உறையக்கூடியது. அதில் ஐந்தாவதுதான் பளபளப்பும், உடைக்கும்போது 'டக்' என்ற ஓசையும், வாயில் வைத்ததும் உருகும் குணமும் தருவது. அந்த அமைப்பை வரவழைப்பதற்கு டெம்பரிங் என்று பெயர். பாலைத் தயிராக்க நேற்றைய தயிரில் ஒரு ஸ்பூன் உறை ஊற்றுகிறோம் இல்லையா, அதேதான். டார்க் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, இறக்கி ஆறவிடும்போது, ஏற்கெனவே நன்றாக உறைந்த சாக்லேட் துண்டுகளைப் போட்டுக் கிளறி, 31-32 டிகிரிக்குக் கொண்டுவந்து மோல்டில் ஊற்றினால், அந்தத் துண்டுகளைப் பார்த்து மற்றதும் அப்படியே உறையும். தேங்காய் எண்ணெயோ நெய்யோ அதிகம் சேர்ந்தால் இந்த அமைப்பு தளர்ந்து, துண்டு கொழகொழவென்று நிற்கும். காம்பவுண்ட் ஸ்லாபில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் இந்த வேலையே தேவைப்படாது. சின்னக் கடைகள் அதை விரும்பக் காரணம் அதுதான். பயன்படுத்தலாம், ஆனால் வாங்குபவரிடம் அதை மறைக்கக் கூடாது.

மூன்றாவது வழி, ஈரமான சுவையைக் கலக்காமல் சாக்லேட் ஓட்டுக்குள் வைப்பது. குல்கந்து, பஞ்சாமிர்தம், பால்கோவா எல்லாம் இங்கேதான் வரும். இங்கே இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பண்டத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, அதில் எவ்வளவு கட்டுப்படாமல் திரிகிறது என்பதே முக்கியம். தேனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், இருந்தும் கெடுவதில்லை. சர்க்கரை அந்த நீரை இறுகப் பிடித்துவைத்திருப்பதால் பூஞ்சைக்குக் குடிக்கக் கிடைப்பதில்லை. இந்தத் திரியும் நீரை 0 முதல் 1 வரை அளப்பார்கள். நீர்ச் செயல்பாடு என்று பெயர். 0.6-க்குக் கீழே எந்தக் கிருமியும் வளராது. வெறும் கிரீமும் சாக்லேட்டும் சேர்ந்த கனாஷ் 0.85-ஐத் தாண்டிவிடலாம். இனிப்பு கெட்டியாக ஏறிய குல்கந்தும் தேன் சேர்ந்த பஞ்சாமிர்தமும் ஓட்டுக்குள் ஓரளவு நிம்மதியாக இருக்கும். பால்கோவாவுக்கு ஆயுள் குறைவு; அன்றன்று செய்து, குறைந்த நாள் தேதி போட்டு விற்கும் பண்டமாக அதை வைத்துக்கொள்வதே நல்லது. உணவு ஆய்வகங்களில் நீர்ச் செயல்பாட்டை அளந்து தருவார்கள். ஈரமான பூரணம் எதை விற்றாலும் அந்தச் செலவைத் தவிர்க்க வேண்டாம்.

மிட்டாய் செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. பாகு காய்ச்சும்போது ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறோமே, உண்மையில் மீதமிருக்கும் நீரைத்தான் அளக்கிறோம். 115 டிகிரி அருகே துளி மென்மையான உருண்டையாகும். இன்னும் கணிசமான நீர் இருக்கிறது. 150 டிகிரி அருகே துளி கண்ணாடியாக நொறுங்கும். நீர் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் மொறுமொறுப்பாக நிற்பது இப்படிப் பாகிலிருந்து நீர் போனதால்தான். அப்படியானால், சாக்லேட்டோடு சேர நம்மிடமிருக்கும் பண்டங்களில் மிகப் பொருத்தமானது அதுதான். சின்னத் துண்டாக வெட்டி, ஆறிய உடனே சாக்லேட்டில் முக்கி எடுத்தால் இருவருக்கும் லாபம்: வெல்லம் காற்றின் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்காமல் சாக்லேட் காக்கும், சாக்லேட்டுக்கு உள்ளிருந்து ஈரத் தொல்லை வராது.

அதையே தலைகீழாகவும் செய்யலாம். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகும். நம் சித்திரை வெயில் 40-ஐத் தொடும். குளிரூட்டி இல்லாத கடையில் அந்த வெயில் காலத்தில் சாக்லேட் விற்பதே வீண் போராட்டம். ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது மேலே நீர் கோத்து, சர்க்கரை கரைந்து, காய்ந்ததும் வெள்ளை படியும். அதற்குப் பதில், வறுத்து உடைத்த கோகோ விதைத் துண்டுகளைக் கடலையோடு பாதிக்குப் பாதி கலந்து வெல்லப் பாகில் போட்டு, கடலைமிட்டாயாகவே தட்டுங்கள். சாக்லேட்டின் கசப்பும் மணமும் இருக்கும். வெயிலில் உருகி ஓடாது. கோடைக்கு ஒரு பண்டம், மார்கழிக்கு ஒரு பண்டம் என்று வருடத்தைப் பிரித்துக்கொள்வதும் படைப்புத்திறன்தான்.

எந்த யோசனையை எடுத்தாலும் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிக்கொள்வோம். இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது? அது நாளாக ஆக எங்கே நகரும்? இதில் சேரும் எண்ணெய் எங்கே போகும்? ஓமப்பொடியைச் சாக்லேட்டில் போட்டால் உப்பும் இனிப்பும் அருமையாக இருக்கும். ஆனால் பொரித்த எண்ணெய் மெல்ல மேலே வந்து சாக்லேட் வெளிறிப்போகும். அது பூஞ்சையல்ல, சாப்பிடலாம். வாங்கியவர் அப்படி நம்ப மாட்டார். இந்த மூன்று வரிக்கும் விடை இருந்தால் அந்தப் பண்டம் பாதி வெற்றி.

மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். தீபாவளிக்குப் புதுப் பெட்டி விற்க நினைப்பவர்கள் ஆடியிலேயே ஒரு தட்டு செய்து, விற்கப்போகும் அதே பொட்டலத்தில், அதே கடை அலமாரியில் வையுங்கள். வாரம் ஒன்றை உடைத்து, முகர்ந்து, தின்று பார்த்து எழுதி வையுங்கள். ஐப்பசி பிறக்கும்போதும் அது முதல் நாள் உடைந்தபடியே உடைந்தால், உணவுப் பாதுகாப்புப் பதிவையும் வாங்கிக்கொண்டு தைரியமாக விற்கலாம். உடையாமல் வளைந்தால், அந்த வருடம் பாதாம் சாக்லேட்டையே விற்றுவிட்டு அடுத்த ஆடிக்கு மறுபடி முயல்வதே மேல்.