பாடலோடு வருகிறவர்

பாளையங்கோட்டை தூய திரித்துவப் பேராலயத்தில் பாமாலை பாடி வளர்ந்த ஒருவர், நமது தூய சவேரியார் பேராலயத்திற்கு வந்து கத்தோலிக்கராக விரும்பினால், பழைய பாடல்களை மறந்துவிட வேண்டுமா?

புனித ஜான் ஹென்றி நியூமன் ஆங்கிலிக்கன் குருவாக இருந்த 1833-இல், கப்பல் பயணத்தில் 'லீட், கைண்ட்லி லைட்' என்னும் மன்றாட்டுக் கவிதையை எழுதினார். 1845 அக்டோபர் 9-ஆம் நாள் கத்தோலிக்கரானார். 1868-இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பிலும் அதைச் சேர்த்துக்கொண்டார். இன்று இரு சபையினரும் அதைப் பாடுகிறோம்.

முறையாகத் திருமுழுக்குப் பெற்றவருக்குத் திருஅவை மீண்டும் திருமுழுக்கு அளிப்பதில்லை. அந்த நம்பிக்கையில் அவர் கற்ற பாடலையும் நாம் பறிக்க வேண்டாம். முதல் ஞாயிறு திருப்பலியில் நம் பாடல் தெரியாமல் அவர் வாய்மூடி நின்றால், பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நீட்டுவோம். பாடற்குழுவில் இடம் கொடுப்போம். அவருடைய பாடலையும் கற்றுக்கொள்வோம்.