ஓடும் ரயிலில் இன்டர்நெட்... பறக்கும் விமானத்தில் இன்டர்நெட்!



பள்ளி விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டப் பந்தயம் பார்த்திருப்பீர்கள். முதல் வீரர் கையில் குச்சியோடு ஓடி வருவார். அடுத்த வீரர் கையைப் பின்னால் நீட்டியபடியே ஓடத் தொடங்குவார். குச்சி கைமாறும். அந்த ஒரு நொடியில் குச்சி கீழே விழுந்துவிட்டால், அதுவரை எவ்வளவு வேகமாக ஓடியும் பயனில்லை!

ஐரோப்பாவில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடும் ரயிலில் உட்கார்ந்து ஒரு மாணவர் லேப்டாப்பில் பாடம் படிக்கிறார். 11 கி.மீ. உயரத்தில் பறக்கும் விமானத்தில் இருந்து ஓர் அம்மா, வீட்டில் இருக்கும் மகளுக்குச் செய்தி அனுப்புகிறார். இவை நடப்பதும் இப்படி ஒரு தொடர் ஓட்டத்தால்தான். இதில் குச்சி எது? ஓடுபவர் யார்? வாருங்கள், பார்ப்போம்!

டவர் விட்டு டவர்!

மொபைல் போன் என்பது ஒரு குட்டி ரேடியோ நிலையம். நாம் பேசுவதையும் எழுதுவதையும் அது ரேடியோ அலைகளாக மாற்றி, பக்கத்தில் உள்ள டவருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு டவருக்கும் ஓர் எல்லை உண்டு. தேன்கூட்டின் அறைகளைப் போல இந்த எல்லைகள் ஒன்றை ஒன்று தொட்டுக் கொண்டிருக்கும். நாம் ஓர் எல்லையைத் தாண்டும்போது, பழைய டவர் நம்மை அடுத்த டவரிடம் ஒப்படைத்துவிடும். நம் செய்திதான் குச்சி. டவர்கள்தான் கைகள்!

நடந்து போகிறவருக்கு இது எளிது. ரயிலில் போகிறவருக்கு? ஒரு கணக்குப் போடுங்கள். பாரிசிலிருந்து பிரஸ்ஸல்சுக்குப் போகும் அதிவேக ரயில் மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை கி.மீ.? 300-ஐ 60-ஆல் வகுத்தால் 5 கி.மீ.! ஒரு டவரின் எல்லைக்குள் நுழைந்து வணக்கம் சொல்வதற்குள் அடுத்த டவர் வந்துவிடும். ரயிலில் இருப்பதும் ஒருவர் அல்ல. பல நூறு பேர். அத்தனை பேருடைய போன்களும் ஒரே நேரத்தில், "என்னைப் பிடித்துக்கொள்!" என்று புதிய டவரைக் கேட்டால் அது திணறாதா?

ரயிலில் ஊதிய எக்காளம்

வேகத்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது அதன் சைரன் கீச்சென்று ஒலிக்கும். தாண்டிப் போனதும் சுருதி இறங்கிவிடும். ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர், 1842-ம் ஆண்டு இந்த விளைவைக் கணக்கிட்டுச் சொன்னார்.

"இது உண்மைதானா?" என்று சோதிக்க விரும்பினார், நெதர்லாந்து நாட்டின் பைஸ் பேலட். அப்போது கிடைத்த வேகமான வாகனம் ரயில்தான். 1845-ம் ஆண்டு, உட்ரெக்ட் நகருக்கு அருகே, எக்காளம் ஊதுபவர்களை ரயிலில் ஏற்றி ஒரே சுரத்தை ஊதச் சொன்னார். தண்டவாளத்தின் ஓரம் நல்ல இசை ஞானம் உள்ளவர்களை நிறுத்திக் கேட்கச் சொன்னார். ரயில் நெருங்கும்போது சுருதி ஏறியது, விலகும்போது இறங்கியது. டாப்ளர் சொன்னது சரி!

ரேடியோ அலைகளும் அப்படித்தான். வேகமாக நெருங்கும் ரயிலுக்கும் விலகும் ரயிலுக்கும் அலையின் 'சுருதி' சற்றே மாறிவிடும். வித்தியாசம் மிகச் சிறியது. ஆனாலும் போனும் டவரும் அதை ஓயாமல் சரிசெய்து கொண்டே இருக்க வேண்டும். 1845-ல் எக்காளத்தில் கேட்ட அதே பாடம், இன்று இன்டர்நெட்டுக்கும் உதவுகிறது.

கதவடைத்த இரும்புப் பெட்டி

ரயில் பெட்டி உலோகத்தால் ஆனது. உலோகக் கூட்டுக்குள் மின்புலம் நுழைவதில்லை என்பதை, மைக்கேல் பாரடே 1836-ம் ஆண்டிலேயே காட்டினார். உலோகத் தகடு போர்த்திய ஓர் அறையைக் கட்டி, அதன் வெளிப்புறத்தில் மின்பொறி பறக்கச் செய்தார். உள்ளே மின்சாரத்தின் அறிகுறியே இல்லை! ரேடியோ அலைகளையும் உலோகக் கூடு தடுத்துவிடும்.

"ஜன்னல் இருக்கிறதே, கண்ணாடி வழியே அலை வராதா?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! ஐரோப்பாவின் நவீன ரயில்களில் வெயிலும் குளிரும் உள்ளே வராமல் இருக்க, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு கொடுக்கிறார்கள். அதனால் மின்சாரம் மிச்சமாகிறது. ஆனால் அதே பூச்சு சிக்னலையும் வெளியே நிறுத்திவிடுகிறது! ஒரு நன்மைக்காகச் செய்தது இன்னொரு நன்மையைத் தடுத்துவிட்டது.

இதற்கு ஒரு அழகான தீர்வு கண்டார்கள். லேசர் கதிரால் அந்தப் பூச்சில் மிக நுண்ணிய கோடுகளைக் கீறினார்கள். கோடுகள் வழியே ரேடியோ அலை உள்ளே வரும்; வெப்பத்தைத் தடுக்கும் வேலையும் பெரிதாகக் கெடாது. ஸ்விட்சர்லாந்தின் பி.எல்.எஸ். ரயில்களில் இத்தகைய கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். ஜெர்மனியில் 2022 டிசம்பரில் ஓடத் தொடங்கிய 'ஐ.சி.இ. 3 நியோ' ரயிலிலும் சிக்னலை உள்ளே விடும் ஜன்னல்கள் உள்ளன.

வகுப்புத் தலைவர் முறை!

நாற்பது மாணவர்களும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் மேஜைக்கு ஓடினால் என்ன ஆகும்? ஒரே தள்ளுமுள்ளு! அதனால்தான் வகுப்புத் தலைவர் எல்லா நோட்டுகளையும் சேகரித்துக் கொண்டு போகிறார். ரயிலில் 'வை-பை' வசதி செய்வதும் இதே முறையில்தான்.

ரயிலின் கூரைமேல் ஆன்டெனா இருக்கும். உள்ளே ஓர் அலமாரியில் 'ரூட்டர்' என்ற கருவி இருக்கும். இதுதான் வகுப்புத் தலைவர்! பயணிகளின் செய்திகளை எல்லாம் இது வாங்கிக்கொண்டு, கூரை ஆன்டெனா வழியே டவருக்கு அனுப்பும். இந்தக் கருவிக்குள் பல நிறுவனங்களின் சிம் கார்டுகள் இருக்கும். ஒரு நிறுவனத்தின் சிக்னல் மங்கினால் இன்னொன்று கைகொடுக்கும். ஸ்வீடன் நாட்டின் கோதன்பர்க் நகரைச் சேர்ந்த ஐகோமெரா நிறுவனம் இந்த வேலையில் முன்னோடிகளில் ஒன்று.

2008-ம் ஆண்டு தாலிஸ் என்ற அதிவேக ரயிலில் வை-பை வந்தது. இந்த ரயில் பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி என்று நான்கு நாடுகளில் ஓடியது. கூரைமேல் இருந்த ஆன்டெனா செயற்கைக்கோளைத் தேடித் தேடித் திரும்பும். சுரங்கப் பாதையில் வானம் மறைந்தால், மொபைல் டவர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். (2023-ம் ஆண்டு முதல் இந்த ரயில்கள் யூரோஸ்டார் என்ற பெயரில் ஓடுகின்றன.) ஜெர்மனியின் ஐ.சி.இ. ரயில்களில் 2017 தொடக்கத்தில் இருந்து இரண்டாம் வகுப்புப் பயணிகளுக்கும் வை-பை இலவசம்.

இத்தனைக்குப் பிறகும் சில இடங்களில் சிக்னல் விழுந்துவிடும். மலை, காடு, ஆள் நடமாட்டம் இல்லாத வெளி... அங்கே டவர் குறைவு. ஜெர்மானியர்கள் அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஃபுங்க்லோக்'. 'ரேடியோ ஓட்டை' என்று பொருள்!

மலைக்கு அடியில் சொட்டுநீர்

ஸ்விட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 57 கி.மீ. நீளத்துக்கு அமைத்த கோத்தார்டு ரயில் சுரங்கம், 2016-ம் ஆண்டு திறக்கப்பட்டது. உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் இதுவே. இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலுக்கு அடியில் இணைக்கும் கால்வாய்ச் சுரங்கம் 50 கி.மீ. நீளம்.

இத்தகைய நீண்ட சுரங்கங்களில் டவர் நட முடியாது. பதிலாக ஒரு விசேஷ கேபிளைச் சுவரோரம் நெடுகப் போடுவார்கள். அதன் உறையில் சிறு சிறு திறப்புகள் இருக்கும். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் வழியெல்லாம் தண்ணீரைக் கசியவிடுகிறதே, அதுபோல இந்தக் கேபிள் ரேடியோ அலையைக் கசியவிடும். ரயில் எங்கே இருந்தாலும் பக்கத்திலேயே சிக்னல்!

எல்லை தாண்டினால் பில்!

ஐரோப்பாவில் சில மணி நேரப் பயணத்தில் இரண்டு மூன்று நாடுகளைக் கடந்துவிடலாம். ரேடியோ அலைக்கு எல்லைக் கோடு தெரியாது. ஆனால் மொபைல் கம்பெனிக்குத் தெரியும்! அயல்நாட்டு டவரைப் பயன்படுத்த 'ரோமிங்' கட்டணம் உண்டு. ஒரு படம் பார்த்துவிட்டு ஊர் திரும்பினால், பெரிய பில் காத்திருக்கும். அதற்குப் பயந்தே பலர் எல்லை வந்ததும் இன்டர்நெட்டை அணைத்துவிடுவார்கள்.

15.6.2017 அன்று ஐரோப்பிய யூனியன் இந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கியது. யூனியன் நாடுகளுக்குள் எங்கே போனாலும், ஊரில் கொடுக்கும் கட்டணமே போதும். அளவுக்கு மீறினால் மட்டும் சில வரம்புகள் உண்டு. இந்த விதி 2032 வரை நீடிக்கப்பட்டிருக்கிறது. ஸ்விட்சர்லாந்து யூனியனில் இல்லை. அங்கே இந்த விதி செல்லாது. டவர்கள் கைகோத்தால் மட்டும் போதாது, நாடுகளும் கைகோக்க வேண்டும் என்பது புரிகிறதா?

வானத்தைப் பார்க்கும் டவர்கள்

இப்போது விமானத்துக்கு வருவோம். சாதாரண டவர்களின் ஆன்டெனாக்கள் நிலத்தைப் பார்த்தே இருக்கும். மேலே பறக்கும் போனுக்கு ஒரே நேரத்தில் பல டவர்கள் தென்படும். ஆனால் எதுவும் ஒழுங்காகப் பிடிக்காது. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும்போது அந்த டவர்களும் குழம்பும். விமானத்தின் கருவிகளுக்கும் இடைஞ்சல் வரக்கூடாது. அதனால்தான் போனை 'பிளைட் மோட்'-இல் வைக்கச் சொல்கிறார்கள். அப்படி வைத்த பிறகு, விமானத்தின் வை-பையை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த வை-பைக்கு இன்டர்நெட் எங்கிருந்து வருகிறது? ஒரு வழி, வானத்தைப் பார்க்கும் டவர்கள். பிரிட்டனின் இன்மார்சாட், ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து, ஐரோப்பாவின் 30 நாடுகளில் சுமார் 300 டவர்களை இப்படி அமைத்தன. இவற்றுக்குத் துணையாக ஒரு செயற்கைக்கோள் 2017 ஜூனில் ஏவப்பட்டது. விமானத்தின் வயிற்றுப் பக்கம் உள்ள ஆன்டெனா டவரோடு பேசும். முதுகில் உள்ளது செயற்கைக்கோளோடு பேசும்.

இவ்வளவு பெரிய கண்டத்துக்கு 300 டவர் போதுமா? போதும்! வானத்தில் மலை, மரம், கட்டடம் எதுவும் குறுக்கே நிற்காதே. அதனால் ஒரு டவரே வெகுதூரம் எட்டும்.

காளைக்குத் திமில், விமானத்துக்கும் திமில்!

கடலுக்கு மேலே என்ன செய்வது? அங்கே டவர் கிடையாது. செயற்கைக்கோள்தான் துணை. சில விமானங்களின் முதுகில் காளையின் திமில் போல ஒரு மேடு இருக்கும். அதற்குள்தான் ஆன்டெனா. அந்த மூடி உலோகத்தால் செய்யப்பட்டிருக்காது. ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!

2004 மே மாதம், லுப்தான்சா விமானம் ஒன்று ஜெர்மனியின் மியூனிச்சிலிருந்து அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை வேகமான இன்டர்நெட்டோடு பறந்தது. போயிங் நிறுவனம் செய்த ஏற்பாடு இது. ஆனால் போதிய வாடிக்கையாளர்கள் சேரவில்லை. 2006-ம் ஆண்டோடு போயிங் அதை நிறுத்திவிட்டது. லேப்டாப் எல்லாரிடமும் இல்லாத, இன்றைய போன்கள் வராத காலம் அது.

பல செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. நம் கேள்வி மேலே போய்க் கீழே வர வேண்டும். பதிலும் மேலே போய்க் கீழே வர வேண்டும். ஆக, அந்தத் தூரத்தைப்போல் நான்கு மடங்கு: 1,43,144 கி.மீ.! ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் ஓடினாலும், கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். "ஹலோ" என்றால், கொஞ்சம் நின்றுதான் பதில் வரும்.

அதனால் இப்போது தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. லாட்வியா நாட்டின் ஏர்பால்டிக் நிறுவனம் 2025-ம் ஆண்டு தன் விமானங்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நான்கு மடங்கு 2,200 கி.மீ. மட்டுமே! ஆனால் இந்தக் கோள்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. சில நிமிடங்களில் தலைக்கு மேலே கடந்து போய்விடும். அதற்குள் அடுத்த கோள் பிடித்துக்கொள்ள வேண்டும். மறுபடியும் தொடர் ஓட்டம்! இந்த முறை விமானமும் ஓடுகிறது, 'டவரும்' ஓடுகிறது!

பயணத்தில் நினைவிருக்கட்டும்!

* ரயில், விமான வை-பை எல்லாருக்கும் பொதுவான தெருக்குழாய் போன்றது. ஒருவரே அண்டா அண்டாவாகப் பிடித்தால் மற்றவர்களுக்குச் சொட்டுதான்! பெரிய படங்களை வீட்டிலேயே இறக்கி எடுத்துச் செல்வது நல்லது.

* பொது வை-பையில் வங்கி வேலை செய்வது, ரகசிய எண்ணை இடுவது போன்றவற்றைப் பெரியவர்களும் தவிர்ப்பது நல்லது.

* விமானத்திலேயே இயங்கும் மொபைல் டவருக்கு ஐரோப்பிய ரோமிங் விதி பொருந்தாது. 'பிளைட் மோட்' போட மறந்தால் பில் எகிறும்!

* ஜெர்மனியின் ஐ.சி.இ. ரயில்களில் அமைதிப் பகுதி என்றே தனி இடம் உண்டு. அங்கே போனில் பேசக்கூடாது. இன்டர்நெட் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் காது இருக்கிறதே!

செய்து பாருங்கள்!

பேட்டரியில் பாடும் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். மீடியம் வேவில் ஒரு நிலையத்தை வையுங்கள். பாட்டு கேட்கும்போதே ரேடியோவை ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து மூடுங்கள். என்ன ஆகிறது? அடுத்து, அதே அளவுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து மூடுங்கள். இப்போது? இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். ரயிலின் கூரைமேல் ஆன்டெனா ஏன் வேண்டும் என்று, அடுத்த முறை வகுப்பில் நீங்களே விளக்கலாம்!