இறாலில் கொழுப்பு எவ்வளவு?



"இறால் கொழுப்பு, பிள்ளைத்தாச்சிக்கு ஆகாது" என்று பழவேற்காட்டு இறாலை மற்றவர்கள் சாப்பிட, அவளுக்கு ரசத்தை மட்டும் ஊற்றும் வீடுகள் உண்டு. இது சரியா?

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் நாடுவாரியாக 1961 முதல் உணவுக் கணக்கு வைத்திருக்கிறது. நாட்டில் கிடைத்த இறால், நண்டோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியைக் கழித்து, மக்கள் தொகைக்குப் பங்கு போடுகிறார்கள். அதில் ஒரு இந்தியருக்கு இவற்றால் நாளொன்றுக்குக் கிடைக்கும் கொழுப்பு ஏறக்குறைய பூஜ்யம்தான். காரணம் இரண்டு: ஆளுக்கு வரும் பங்கு சிறிது, இறாலிலேயே கொழுப்பு குறைவு.

100 கிராம் இறாலில் கொழுப்பு சுமார் 1 கிராம். உடலை வளர்க்கும் புரதமோ சுமார் 19 கிராம்! ஒரு டீஸ்பூன் எண்ணெயில் 4 முதல் 5 கிராம் கொழுப்பு உண்டு. ஆக, கொழுப்பு இறாலில் இல்லைங்க, வறுக்கிற சட்டியில்தான் இருக்கிறது.

ஏரியில் வலை போடுகிறவரானாலும் சரி, கும்மிடிப்பூண்டி ஆலைக்குப் போகிறவரானாலும் சரி, மனைவிக்கென்று ஒரு கைப்பிடி இறால் ஒதுக்குங்கள். சுத்தம் செய்து, நன்றாக வேகவைத்து, குழம்பாகக் கொடுங்கள். சாப்பிட்டால் அரிப்பு, தடிப்பு வருபவர்கள் தவிர்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேளுங்கள்.

தாய்க்குத் தெம்பு, பிள்ளைக்கு வளர்ச்சி!